இரவல் வெளிச்சம்

மால்டோவாவில் மருத்துவம் படிக்கிறேன் என்றால் எங்கள் ஊரில் "மாலத்தீவா?" என்று கேட்பார்கள். அப்பாவே முதல் ஆண்டு முழுக்க உறவினர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தித் திருத்தி ஓய்ந்துபோனது நான்தான். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு அந்தக் குழப்பம் தானாகத் தீர்ந்தது. தொலைக்காட்சிகளில் உக்ரைன் வரைபடத்தைச் சிவப்பு அம்புகளோடு காட்டியபோது, அதன் தென்மேற்கு இடுப்பில் ஒட்டிக் கிடந்த சின்ன நாட்டின் பெயரை விருதுநகர் மாவட்டமே படித்துவிட்டது.

அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது மக்கள்தொகை சுமார் 26 லட்சம். மேற்கே புரூட் ஆறு. அதைத் தாண்டினால் ருமேனியா, அதாவது ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ எல்லாம். மற்ற பக்கமெல்லாம் உக்ரைன். கிழக்கே டினீஸ்டர் ஆற்றை ஒட்டி ஒல்லியாக நீண்டு கிடக்கும் நிலத்துக்கு டிரான்ஸ்னிஸ்ட்ரியா என்று பெயர். 1992-ல் நடந்த போருக்குப் பிறகு அது தனி நாடு போல நடந்துகொள்கிறது. தனிக் கொடி, தனி நாணயம், சுமார் 1,500 ரஷ்யப் படைவீரர்கள். ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதை அங்கீகரிக்கவில்லை. ஆனால் மால்டோவாவின் மிகப் பெரிய மின்நிலையம் அங்கேதான் இருக்கிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நான் தலைநகர் கிஷினாவில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். போதானிகா பகுதியில் ஒரு பெரியம்மாவின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை எனக்கு. அவரைத் தாந்தி என்று கூப்பிடுவேன். வயதில் மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். கணவர் இறந்துவிட்டார். மகன் இத்தாலியில் கட்டட வேலை பார்த்தான். தாந்தி டினீஸ்டர் கரையில் இருக்கும் பெந்தெர் நகரத்துக்காரர். 1992 ஜூனில் அந்த ஊர்த் தெருக்களில் சண்டை நடந்தபோது ஒற்றைப் பையோடு கிஷினாவுக்கு ஓடிவந்தவர். அவருடைய அக்கா வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். இடையில் அறுபது கிலோமீட்டர்தான். அக்கா தங்கை இருவரும் முப்பது வருடமாக இரண்டு விதமான பணத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

போர் தொடங்கிய அந்த வியாழக்கிழமை காலை தாந்தி என்னை எழுப்பியது அழுதுகொண்டோ பதறிக்கொண்டோ அல்ல. "எழுந்து போய்ப் பணம் எடுத்துக்கொண்டு வா, வரிசை நீளுமுன்னே" என்றார். ஏற்கெனவே ஒரு போரைப் பார்த்தவருக்கு முதலில் தோன்றுவது அதுதான் போலிருக்கிறது. நான் போவதற்குள் வரிசை நீண்டுவிட்டது. பெட்ரோல் நிலையத்திலும் அப்படியே. மால்டோவா தன் வான்வெளியை மூடிவிட்டது. அப்பா போன் மேல் போன் போட்டார். "வானத்தை மூடிட்டாங்கன்னு டிவியில போடுறான். பஸ்ஸைப் பிடிச்சாவது ருமேனியாவுக்குப் போயிரு பாப்பா. படிப்பெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம்." என்னோடு படித்த பலர் அப்படித்தான் கிளம்பினார்கள். நான் போகாததற்கு வீரம் எல்லாம் காரணம் இல்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சீனியர் கூப்பிட்டார். ஒடெசாவில் படிக்கும் நம் பிள்ளைகள் பலாங்கா எல்லைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள், ருமேனிய மொழியும் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். வார்டில் நோயாளிகளிடம் பேசிப் பழகியதில் எனக்கு ருமேனிய மொழி ஓரளவு வரும். போனேன்.

பலாங்கா நாட்டின் தென்கிழக்கு மூலை. ஒடெசாவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும். மரமே இல்லாத வெட்டவெளி. கருங்கடல் பக்கமிருந்து அடிக்கும் காற்று கையுறையைத் துளைத்து விரலைக் கடிக்கும். உக்ரைன் பக்கம் கார்களின் வரிசை கண்ணுக்கு எட்டும் மட்டும் நின்றது. காரை விட்டுவிட்டு நடந்தே வந்தவர்களும் உண்டு. பதினெட்டிலிருந்து அறுபது வயதுக்குட்பட்ட ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேற உக்ரைன் தடை போட்டிருந்ததால், அப்பாக்கள் கோட்டுவரை வந்து, பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த இடத்தில் பெரிய அழுகையெல்லாம் நான் பார்க்கவில்லை. பின்னால் நிற்கும் கார்கள் ஹாரன் அடிக்கும். அடுத்த குடும்பம் காத்திருக்கும். சொல்ல வேண்டியதை ஒடெசாவிலேயே சொல்லி முடித்திருப்பார்கள்.

இந்தப் பக்கம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். இதே எல்லைக் காவலர்களிடம் என் வீசா தாளில் ஒரு முத்திரை மங்கலாக இருந்ததற்காக அரை நாள் உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது பாஸ்போர்ட் இல்லாத குழந்தையைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து விட்டார்கள். பூனையை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வந்த கிழவியிடம் தடுப்பூசிச் சீட்டு கேட்கவில்லை. ஐரோப்பாவிலேயே மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்று அது. அதன் கிராமத்துப் பெண்கள் கோழி சூப்பைப் பானையோடு கொண்டுவந்து நின்றார்கள். ஸ்யாமா என்பார்கள் அதை. புளிப்பாக, சேமியா போட்டு இருக்கும். அட்டையில் "கிஷினாவ், மூன்று இடம்" என்று எழுதிப் பிடித்துக்கொண்டு கார்க்காரர்கள் நின்றார்கள். அரசாங்கத்தின் கூடாரங்கள் ஒருபக்கம், தன்னார்வலர்கள் மறுபக்கம். முதல் சில நாள் யார் எதைச் செய்கிறார்கள் என்பதே தெரியவில்லை. சூப்பு மட்டும் தீரவில்லை.

ஒடெசா மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரு பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நீங்க தமிழா?" என்றான். ஆமாம் என்றதும் அவன் கேட்டது சாப்பாடு அல்ல. "சார்ஜர் இருக்காக்கா? அம்மாவுக்குச் சொல்லணும்." அவர்களைக் கிஷினாவில் தங்கவைத்து, பேருந்தில் புரூட் ஆற்றைத் தாண்டிப் புகாரெஸ்டுக்கு அனுப்பினார்கள். மால்டோவாவில் விமானம் இல்லை, ருமேனியாவில் இருந்தது. இந்தியா நடத்திய 'ஆபரேஷன் கங்கா'வின் முதல் விமானமே பிப்ரவரி 26-ம் தேதி புகாரெஸ்டிலிருந்துதான் கிளம்பியது. ருமேனியா, மால்டோவா இரண்டையும் பார்த்துக்கொள்ள மத்திய அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியாவை அனுப்பியிருந்தார்கள். ஒரு நாட்டின் சாலை, இன்னொரு நாட்டின் ஓடுதளம், மூன்றாவது நாட்டின் விமானம் என்று மூன்றும் ஒட்டிக்கொண்டதால் அந்தப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

போலந்து எல்லைக்குப் போனவர்களின் கதை வேறு. ஷெஹினியில் மைல்கணக்கில் நடந்து, வெள்ளைத் தோல்காரர்கள் முதலில் என்று ஒதுக்கப்பட்டு, அடிபட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலரோடு நான் போனில் பேசியிருக்கிறேன். பலாங்காவில் நான் பார்த்த கருணையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

மார்ச் 4-ம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. யூகோஸ்லாவியப் போர்களின்போது அகதிகளை யார் ஏற்பது என்று நாடுகள் அடித்துக்கொண்ட அனுபவத்துக்குப் பிறகு 2001-ல் எழுதிவைத்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் அது. இருபது வருடத்தில் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. சிரியாக்காரர்கள் வந்தபோதும் தொடவில்லை. இப்போது ஒருமனதாக அமல்படுத்தினார்கள். உக்ரைன் குடிமக்கள் தனித்தனியாக அகதி மனு போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. தங்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம். உக்ரைனில் நிரந்தர வசிப்புரிமை பெற்ற வெளிநாட்டவருக்கும் அது ஓரளவு பொருந்தும். எங்களைப் போன்ற மாணவர்களுக்கு, ஊருக்குத் திரும்பிப் போகும்வரை வழிவிடுவோம் என்பதோடு சரி. அதில் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது. ஆனால் சிரியாக்காரர்களை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

மால்டோவா ஒன்றியத்தில் இல்லை. ஆகவே அந்தச் சட்டம் அங்கே செல்லாது. தன் கையில் இருந்ததை வைத்துத்தான் சமாளித்தது. கிஷினாவின் மோல்ட்எக்ஸ்போ கண்காட்சி வளாகத்தில், கொரோனா நோயாளிகளுக்காகப் போட்டிருந்த தடுப்பறைகள் அகதிகளுக்குப் பயன்பட்டன. பலாங்காவிலிருந்து வந்த பிறகு நான் அங்கே மருத்துவ மேசையில் உட்கார்ந்தேன். காயம்பட்டவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போனால், வந்ததெல்லாம் இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, குழந்தைகளின் காய்ச்சல். ஓடிவரும்போது மாத்திரையை மறந்தவர்கள். எடுத்து வந்தும் பெயர் தெரியாதவர்கள். "சின்னது, வெள்ளை, பாதி உடைத்துப் போடுவேன்" என்பார் ஒரு பாட்டி. அதை வைத்து என்ன செய்ய? காலி அட்டை இருந்தால் உக்ரைனிய எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, அதே மருந்து மால்டோவாவில் எந்தப் பெயரில் விற்கிறது என்று மருந்தாளுநர் ஒருவர் தேடிச் சொல்வார். ஒரு பெண் இன்சுலின் உறைந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எடுத்துக் கொடுக்கும்போது குப்பி உடம்புச் சூட்டில் இருந்தது.

மார்ச் 1 அங்கே மர்ட்சிஷோர் திருநாள். சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூலில் சின்னப் பூ, மணி கோத்துச் சட்டையில் குத்திக்கொள்வார்கள், வசந்தம் வந்துவிட்டதாம். மால்டோவா, ருமேனியா, பல்கேரியா, வடக்கு மாசிடோனியா நான்கு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் செய்த நூல்களைத் தட்டில் கொண்டுவந்து ஒரு ஆசிரியை எல்லோருக்கும் குத்திவிட்டார். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.

எல்லாம் அன்பாகவே நடந்தது என்று எழுதினால் பொய். ரோமா இனக் குடும்பங்கள் வந்தபோது பதிவு மேசையில் முகங்கள் மாறுவதைப் பார்த்தேன். "அவர்களுக்கு வேறு இடம்" என்று ஒரு விளையாட்டு அரங்குக்கு அனுப்பினார்கள். அதே உக்ரைன் பாஸ்போர்ட்தான், அதே ஒடெசா முகவரிதான். அந்த மே மாதம் மனித உரிமை அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டன. என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்டவர்கள் அவர்களைப் பற்றி என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள், நானும் தலையாட்டுவேன் என்று நினைத்து.

மார்ச் நடுவில் எல்லை தாண்டி வந்தவர்கள் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பெரும்பாலோர் மேற்கே போய்விட, சுமார் ஒரு லட்சம் பேர் தங்கினார்கள். 26 லட்சம் பேருள்ள நாட்டுக்கு இது எவ்வளவு பாரம் என்பது ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும் உறைத்தது. பலாங்காவிலிருந்து நேராக ருமேனியாவின் ஹூஷி நகரத்துக்குப் பேருந்துகள் விட்டார்கள். கிஷினாவுக்குள் வராமலே மக்கள் ஒன்றியத்துக்குள் போய்விடலாம். ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் அன்னலேனா பேர்போக் மார்ச் 12-ல் கிஷினாவுக்கே வந்து, முதல் கட்டமாக 2,500 பேரை ஜெர்மனி எடுத்துக்கொள்ளும் என்றார். ஏப்ரல் 5-ல் ஜெர்மனி, பிரான்ஸ், ருமேனியா மூன்றும் சேர்ந்து பெர்லினில் மால்டோவாவுக்கு உதவ மாநாடு கூட்டின. ஐ.நா. அகதிகள் ஆணையம் அகதி ஒருவருக்கு மாதம் 2,200 லேய் (அந்நாட்டு நாணயம்) கொடுத்தது. உலக உணவுத் திட்டம் அகதிகளைத் தங்கவைத்த வீடுகளுக்கு 3,500 லேய் கொடுத்தது. தாந்திக்கும் அது கிடைத்தது. மிக்கோலாயிவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவள் மகளும் எங்கள் வீட்டின் நடு அறையில் தங்கியிருந்தார்கள்.

அந்த வீட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். தாந்தி முப்பது வருடமாக மாஸ்கோ தொலைக்காட்சிதான் பார்ப்பவர். ரஷ்யப் படையால் ஊரைவிட்டு ஓடிவந்தவர் அதே மாஸ்கோ செய்தியை நம்புவது எப்படி என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "அது அரசியல், இது செய்தி" என்பார். செய்தி வாசிப்பவர் உக்ரைனில் நாஜிக்களை ஒழிப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்க, தாந்தி அடுப்படியில் மிக்கோலாயிவ்ச் சிறுமிக்குப் பாலாடைக்கட்டி வைத்த பிளச்சிந்தா சுட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பெண் எதுவும் சொல்ல மாட்டாள். எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். பால்கனிக் கதவைத் திறந்தால்தான் தாந்திக்குக் கோபம் வரும். எதிரெதிர்ச் சன்னல் திறந்து காற்று குறுக்கே அடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது வலிக்கும், நிமோனியா வரும் என்பது அந்த நாட்டு மக்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நாலு வருடம் மருத்துவம் படித்தவள் சொல்லியும் எடுபடவில்லை. ஆக, அந்த வீட்டில் போரைப் பற்றிச் சண்டை வந்ததே இல்லை. காற்றைப் பற்றித்தான் தினமும் சண்டை.

ஜூனில் ரஷ்யச் செய்தி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பத் தடை விதித்து மால்டோவா சட்டம் கொண்டுவந்தது. தாந்தி ஒரு வாரம் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தார். பிறகு துருக்கி சீரியலுக்கு மாறினார். அந்தப் பெண்ணும் கூட உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினாள். மிக்கோலாயிவில் ஏப்ரலிலேயே குடிநீர்க் குழாய் சேதமாகி, பிறகு வீட்டுக் குழாய்களில் உப்புத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. கணவன் போனில் அதைச் சொல்வான். எங்கள் வீட்டில் குழாயைச் சரியாக மூடாவிட்டால் முதலில் எழுந்து ஓடுபவள் அவள்தான்.

இனி மின்சாரத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தப் போரில் மறக்கவே முடியாதது அதுதான்.

உக்ரைன், மால்டோவா இரண்டின் மின்கட்டமைப்பும் சோவியத் காலத்திலிருந்தே ரஷ்யக் கட்டமைப்போடு பிணைக்கப்பட்டிருந்தன. அதிலிருந்து பிரிந்து ஐரோப்பியக் கட்டமைப்போடு சேர 2017-லேயே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2023-ல் சேர்வதாகத் திட்டம். அதற்கு முன்னோட்டமாக, யாரோடும் சேராமல் சில நாள் தனித்து ஓடிக்காட்ட வேண்டும். அந்தச் சோதனைக்குக் குறித்த தேதி 2022 பிப்ரவரி 24. நள்ளிரவு தாண்டியதும் ரஷ்யாவோடு இருந்த இணைப்பைத் துண்டித்தார்கள். விடிவதற்குள் ஏவுகணைகள் விழுந்தன. திரும்பப் போய் ஒட்டிக்கொள்ள வழியில்லை, ஒட்டிக்கொள்ள யாரும் விரும்பவும் இல்லை. ஒரு போர்க்கால நாடும் அதன் குட்டி அண்டை நாடும் மூன்று வாரம் அந்தரத்தில் ஓடின. மார்ச் 16-ல், ஒரு வருடத்துக்கு மேல் ஆகவேண்டிய வேலையை முடித்து, ஐரோப்பா இரண்டையும் சேர்த்துக்கொண்டது. அன்று கிஷினாவில் விளக்கு கண்சிமிட்டக்கூட இல்லை. ஆகவே எங்கள் யாருக்கும் தெரியாது. இந்த விவரமெல்லாம் குளிர்காலத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் செல்போனில் படித்துத்தான் நான் அறிந்தேன்.

அந்தக் குளிர்காலம்வரை மால்டோவா சுமார் 70 சதவீத மின்சாரத்தை டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் குச்சுர்கான் நிலையத்திலிருந்து வாங்கியது. அந்த நிலையம் ரஷ்ய நிறுவனத்துடையது, ஓடுவது ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவன எரிவாயுவில். மீதி உக்ரைனிலிருந்து. ஆம், குண்டு விழுந்துகொண்டிருந்த உக்ரைன் அந்த ஆண்டு மால்டோவாவுக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது. நாங்கள் அவர்களுக்குச் சூப்பு ஊற்றினோம். சூப்பு காய்ந்த அடுப்பில் அவர்கள் மின்சாரமும் இருந்தது.

அக்டோபர் 10 காலை, ரஷ்யா உக்ரைனின் மின்நிலையங்களைக் குறிவைத்து அடித்தது. கருங்கடலிலிருந்து ஏவிய மூன்று ஏவுகணைகள் மால்டோவா வான்வழியாகவே பறந்து போயின. அடுத்த நாளே உக்ரைன் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, தனக்கே போதவில்லை. காஸ்ப்ரோம் எரிவாயுவைக் குறைத்தது. நவம்பரில் குச்சுர்கானும் கையை விரித்து, தேவையில் கால்வாசி மட்டும் தந்தது. விலைவாசி ஏற்றம் அந்த அக்டோபரில் 34 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. தெருவில் ஆர்ப்பாட்டங்கள். வார்டில் செவிலியர்கள் சம்பளத்தில் எத்தனை பங்கு வீட்டுச் சூட்டுக்குப் போகிறது என்று கணக்குப் போட்டார்கள். அகதிகளால்தான் எல்லாம் என்ற முணுமுணுப்பு அப்போதுதான் என் காதில் விழத் தொடங்கியது.

அந்த நவம்பரில் நாட்டைத் தூக்கி நிறுத்தியது ருமேனியா. தேவையில் பெரும்பகுதியை, சந்தை விலையைவிட வெகு குறைவாக உச்சவரம்பு கட்டிய விலையில் கொடுத்தது. ஆனால் அந்த மின்சாரம் எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். ருமேனியாவின் இசாக்சாவில் புறப்படும் 400 கிலோவோல்ட் கம்பி, தெற்கு மால்டோவாவின் வுல்கனேஷ்டிக்கு வருகிறது. அங்கிருந்து கிஷினாவுக்கு அப்போது நேர்க் கம்பி இல்லை. சோவியத் பொறியாளர்கள் அதைக் குச்சுர்கானுக்கு இழுத்திருந்தார்கள். அதாவது நண்பன் கொடுத்த மின்சாரம், பிரிந்துபோனவன் வீட்டுக்குள் நுழைந்து, அவன் ஸ்விட்ச் வழியாகத்தான் எங்களிடம் வந்து சேரும். அந்தக் கம்பியும் உக்ரைன் கட்டமைப்போடு பின்னிக் கிடந்ததால், ஒடெசாவில் அடி விழுந்தால் கிஷினாவில் இருட்டும்.

நவம்பர் 23 பிற்பகல் அப்படித்தான் இருட்டியது. உக்ரைனின் அணுமின் நிலையங்கள் எல்லாமே அன்று கட்டமைப்பிலிருந்து அறுந்துபோயின. மால்டோவாவில் பாதிக்கு மேல் மின்சாரம் போனது. நான் மருத்துவமனையிலிருந்து டிராலிபஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் ஒரு சரிவில் அப்படியே நின்றது. முன்னாலும் பின்னாலும் டிராலிபஸ்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல். ஓட்டுநர் அம்மா கதவைத் திறந்துவிட்டு, பையிலிருந்து சூரியகாந்தி விதைகளை எடுத்துக் கொறிக்கத் தொடங்கினார். "ஒடெசாவிலா, மிக்கோலாயிவிலா?" என்று யாரோ கேட்டார்கள். எங்கே விழுந்தது என்பதுதான் கேள்வி. எங்களுக்கு ஏன் மின்சாரம் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. இதற்குள் ஊரே மின்பொறியாளர் ஆகிவிட்டிருந்தது.

வீட்டுக்கு நடந்து போனேன். ஒன்பதாவது மாடி, லிஃப்ட் இல்லை. தாந்தியும் அந்தப் பெண்ணும் எரிவாயு அடுப்பில் தண்ணீர் காய்ச்சிப் புட்டிகளில் ஊற்றிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். மிக்கோலாயிவில் கற்றுக்கொண்ட வித்தையாம். சில மணி நேரத்தில் விளக்கு வந்துவிட்டது. அவள் கணவன் இருந்த தெருவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் வெளிச்சம் வந்ததும் அவள் எழுந்து போய் நடு அறையின் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். தாந்தி ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

வுல்கனேஷ்டியிலிருந்து கிஷினாவுக்கு நேராக ஒரு கம்பி இழுக்கும் வேலை அதற்குப் பிறகு சூடுபிடித்தது. யாஷ் நகரத்திலிருந்து வரும் எரிவாயுக் குழாயில், பல வருடம் பெயருக்குக் கிடந்த குழாயில், உண்மையாகவே வாயு ஓடியது. தண்டவாளங்களிலும் இதே கதைதான். மால்டோவாவிலும் உக்ரைனிலும் தண்டவாள அகலம் 1,520 மில்லிமீட்டர், ருமேனியாவில் 1,435. ஒருமுறை நான் கிஷினாவிலிருந்து புகாரெஸ்டுக்கு இரவு ரயிலில் போனேன். 'நட்பு' என்று பெயர் வைத்த ரயில் அது. உங்கேனி எல்லையில் நட்பை நிறுத்தி, பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆட்களோடு ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களை மாற்றினார்கள். மணிக்கணக்கில் ஆயிற்று. படுக்கையில் படுத்துக்கொண்டே மேலே போய்க் கீழே வந்தேன். பிறகு ரயில் நகர்ந்து, குஸ்தாவ் ஐஃபல் 1877-ல் கட்டிய பாலத்தின் மேல் புரூட்டைத் தாண்டியது. உக்ரைன் தானியத்தை இப்படிச் சக்கரம் மாற்றி எத்தனை நாள் அனுப்ப முடியும்? 2022 ஜூலையில் ருமேனியா, கலாட்ஸி துறைமுகம்வரை வரும் பழைய அகலத் தண்டவாளத்தைப் பழுதுபார்த்துத் திறந்தது. சக்கரம் மாற்றாமலே தானியம் டான்யூப்வரை போகலாம். அடுத்த ஆண்டே அந்தத் தானியத்தால் விலை விழுகிறது என்று போலந்தும் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் தடை போட்டன. எல்லையில் டிராக்டர்கள் நின்றன. முதல் மாதம் ரொட்டி கொடுத்தவர்கள்தான் இரண்டாம் ஆண்டு கோதுமையை மறித்தவர்கள். எனக்கு அதில் பெரிய அதிர்ச்சி இல்லை. எங்கள் வீட்டில் தினமும் பார்த்ததுதானே.

மிக்கோலாயிவ்ப் பெண் 2023 கோடையில் ஊருக்குத் திரும்பினாள். குழாயில் நல்ல தண்ணீர் வந்திருக்கவில்லை, ஆனாலும் போனாள். நான் 2024-ல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் வந்தேன்.

2025 ஜனவரி 1-ம் தேதி உக்ரைன் வழியாக ரஷ்ய எரிவாயு போவது நின்றது. இந்தமுறை குளிரில் விறைத்தது டிரான்ஸ்னிஸ்ட்ரியா. முப்பது வருடம் காசு கொடுக்காமல் எரித்த வாயு ஒரே நாளில் இல்லை. வீடுகளில் சூடு இல்லை, முறைபோட்டு மின்வெட்டு. கிஷினாவில் விளக்கு எரிந்தது, ருமேனியாவின் கைங்கரியம். பிறகு பிப்ரவரியில் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு வாயு வாங்க 2 கோடி யூரோ கொடுத்தது ஐரோப்பிய ஒன்றியம்தான்.

அந்த ஜனவரியில், பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லத் தாந்தியைக் கூப்பிட்டேன். பின்னால் யாரோ இருமும் சத்தம் கேட்டது. பெந்தெரிலிருந்து அக்கா வந்துவிட்டாராம், ஒற்றைப் பையோடு. நடு அறையில்தான் படுக்கை. மாஸ்கோ எப்படியும் அடுத்த வாரம் வாயுவைத் திறந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு பையைப் பிரிக்கவே மாட்டேன் என்கிறாராம்.

"சரிதான், இருக்கட்டும்" என்றார் தாந்தி. "ஆனால் இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் கரண்ட் பில் என் பெயருக்குத்தானே வருகிறது? நீ இருந்தபோதாவது பாதி கொடுத்தாய்."

பிறகு, அக்காவின் இருமலுக்கு என்ன மருந்து வாங்கலாம் என்று கேட்டார். சொன்னேன். பெயரை மூன்று முறை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.